பெட்டி செய்யாத ஒரு மணி நேரம்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
3.6.2021

அன்பு மகன் மரிய அருணுக்கு, அப்பா சவுரிராயன் ஆசீரோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான், உன் அம்மா, தங்கை வெனிலா மூவரும் உடம்புக்குச் சுகம். மஸ்கட்டில் நீயும் உடம்புக்குச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ தெரியாது, அதனால் வெனிலாவிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து உன் வாட்ஸ்அப்பில் போடச் சொல்லப்போகிறேன். படிக்காமல் எடு என்று சொல்வேன், அவள் படிக்காமல் இருப்பாளா, படிக்கட்டும்.

நீ என்னோடு பேசிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அம்மா போனை என் கையில் கொடுத்தால் உடனே டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். கம்பெனியே ரூமை விட்டு வெளியில் போகாதே என்று அடைத்து வைத்திருக்கும்போது என்ன டியூட்டி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் தப்பு என்னுடையது. அன்றைக்கு நீ போன் செய்து, ரூமில் உன்னோடு இருந்த ஜெகதீசனை ஆம்புலன்சில் ஏற்றிப் போய்விட்டார்கள், அதிலிருந்து நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கிறது, நாலு நாளாகத் தூக்கமில்லை என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "ஆம்பளைக்கு இன்னாடா பயம், சோத்த துன்னுட்டு கம்முனு படு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீட்டில் வழக்கமில்லை. ஆனாலும் அன்றைக்கு நான் எந்த நிலைமையில் அப்படிப் பேசினேன் என்று உனக்குச் சொல்லாமல் இருப்பது பாவம் என்று மூன்று நாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

கொரோனா ஊரடங்கில் ஊர் நிலைமை நீ டிவியில் பார்ப்பதுதான். கடை கிடையாது, காய்கறி வண்டி தெருவுக்கு வருகிறது, அதுவும் வெண்டைக்காயைத் தொட்டுப் பார்க்க விடமாட்டேன் என்கிறான். கோயில் பூட்டிக் கிடக்கிறது, மாதா வணக்க மாதமான மே முழுக்க ஒரு தேர் இல்லை, ஒரு பாட்டு இல்லை. மேல்மலையனூர் அமாவாசைக்கே பஸ் விடவில்லை என்றால் பார்த்துக்கொள். கதவு, ஜன்னல் ஆர்டரெல்லாம் நின்றுபோய்விட்டது. வந்த வேலை ஒன்றே ஒன்றுதான், சவப்பெட்டி. முன்னெல்லாம் மாதத்துக்கு இரண்டு செய்தால் அதிகம். போன மாதம் ஒரே நாளில் மூன்று செய்திருக்கிறேன். டிவிஎஸ் வண்டியில் பலகை கட்டிக்கொண்டு போனால் போலீஸ்காரர் நிறுத்துவார், பெட்டிக்கு என்று சொன்னதும் வழிவிடுவார். அப்படி வழிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை, இரண்டு அடி அடித்துத் திருப்பி அனுப்பினால் தேவலை என்று இருந்தது.

உங்கள் யாருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன். நாலாவது, ஐந்தாவது பெட்டிக்குப் பிறகு என் கண் கெட்டுப்போய்விட்டது. யாரைப் பார்த்தாலும் உயரம்தான் தெரிந்தது. பால்காரர் ஐந்தே கால் அடி, பக்கத்து வீட்டு சவுரியம்மாள் நாலடி பத்து அங்குலம். ஒரு மத்தியானம் உன் அம்மா அமலா பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் அவளையும் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டேன். அவள் விழித்துக்கொண்டு "இன்னா அப்படி பாத்துக்கினு கீறீங்க" என்று கேட்டாள். பின்பக்கம் போய் நின்றேன், மூச்சு மேலே ஏறவில்லை. நோய் வந்துவிட்டது என்று டெஸ்ட் எடுத்தேன், இல்லை என்று வந்தது. வீட்டில் தலைவலி என்று சொல்லி மறைத்துவிட்டேன்.

நீ போன் செய்தாயே, அந்தச் சனிக்கிழமை காலையில் விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வல்லரசு என்று ஒருவர் பேசினார். அனந்தபுரம் பக்கத்துக்காரர், தம்பி தவறிவிட்டான், முப்பது வயசு, மத்தியானத்துக்குள் பெட்டி வேண்டும் என்றார். உயரம் கேட்டேன். ஐந்தடி ஒன்பது என்றார். உன் உயரம். நான் ஒன்றும் நினைக்கக் கூடாது என்று மரத்தை எடுத்து வைத்து அறுத்தேன். ஆள் உயரத்துக்கு மேல் ஆறு அங்குலம் கூட்டி அறுக்க வேண்டும் என்பது கற்றுக்குட்டிக்கும் தெரியும். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அன்றைக்குச் சரியாக ஐந்து ஒன்பதில் அறுத்துவிட்டேன். டேப்பில் அந்த நம்பரைத் தவிர வேறு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. செத்துப்போன அந்தப் பிள்ளையை அளக்கவில்லை அருண், உன்னை அளந்துகொண்டிருந்தேன். குட்டையாகப் போன பலகையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உன் போன் வந்தது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று நீ சொன்னதை என்னால் கேட்க முடியவில்லை. என் பயத்தை உன் மேல் போட்டுத் திட்டிவிட்டேன். அப்புறம் வேறு பலகை எடுத்துச் செய்து கொடுப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் தாமதம். அதுவரை வல்லரசு வெயிலில் நின்றிருந்தார்.

அன்று சாயங்காலம் நான் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வெனிலா 104 என்கிற அரசு மருத்துவ ஆலோசனை நம்பருக்குப் போன் போட்டு என் காதில் வைத்துவிட்டாள். ஒரு பெண் பேசியது, சின்னக் குரல். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், குளித்தீர்களா, ஒரு நாளைக்கு எத்தனை டீ, எவ்வளவு நேரம் செய்தி பார்க்கிறீர்கள் என்று கேட்டது. எனக்குக் கோபம். உயிர் போகிற மாதிரி இருக்கிறது என்கிறேன், டீக் கணக்குக் கேட்கிறதே என்று. ஆனால் யோசித்துப் பார்த்தால் எட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன், மூன்று நாளாக ஒரே லுங்கி, தாடி வளர்ந்து கிடந்தது. தச்சனுக்கும் தாடிக்கும் பொருத்தம்தான், பீடத்தில் ஏற்றி வைத்தால் சேசுவை வளர்த்த தச்சர் சூசையப்பர் என்று கும்பிட்டுவிடுவார்கள் என்று உன் அம்மா ஏற்கனவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் சொன்னதையெல்லாம் முதலில் வீம்புக்குத்தான் செய்தேன். இப்போது ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறேன், தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும். குளித்து, சவரம் செய்து, போவதற்கு இடம் இல்லாவிட்டாலும் துவைத்த சட்டை போட்டுக்கொள்கிறேன். மாடியில் வெயில் ஏறும் முன்னால் அரை மணி நேரம் நடை. டீ இரண்டு, அதற்குப் பதில் கேப்பைக் கூழ். செய்தி சாயங்காலம் ஒரு தடவை, அதோடு சரி. போனில் வருகிற கண்ணீர் அஞ்சலிப் படங்களை வெனிலா திறக்க விடுவதில்லை. மூச்சுக்கும் ஒரு பயிற்சி சொன்னது, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட வேண்டும், எனக்கு எண்ணிக்கொண்டு உட்கார வரவில்லை. மரம் சீவும் இழைப்புளியைத் தள்ளும்போது மெதுவாக மூச்சை விட்டு, திரும்ப இழுக்கும்போது உள்ளே வாங்கினேன், அது படிந்துவிட்டது. பிறகு அந்தப் பெண், தினம் ஒரு மணி நேரமாவது பெட்டி அல்லாத வேறு ஏதாவது செய்யுங்கள் ஐயா என்றது. அந்தக் குட்டைப் பலகையில் உன் அம்மாவுக்கு ஒரு மணை செய்தேன். சாவுப் பலகையில் உட்கார்ந்து மாவு சலிக்கவா என்று அவள் உட்கார மறுத்துவிட்டாள், யாரும் படுக்காத பலகைதானே என்றாலும் கேட்கவில்லை. இப்போது அதன் மேல் தண்ணீர்க்குடம் இருக்கிறது.

இதனால் எல்லாம் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்றுக்கூட ஒரு பெட்டி கொடுத்தேன், ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஆனால் காலையில் எழுந்து குளித்தேன். அவ்வளவுதான் நடக்கிறது, அதுவே போதும் என்று இருக்கிறேன். நீயும் செய்து பார். ஜெகதீசனுடைய காலிக் கட்டிலைப் பார்த்துப் படுக்காதே, தலைமாட்டை மாற்றிப் போடு. அவன் துணிகளைத் துவைத்து மடித்து வை, வந்தால் உடுத்தட்டும். தண்ணீர் நிறையக் குடி. ஏசி வேலைக்காரன் உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்கிறேன், ஜன்னலைக் கொஞ்ச நேரமாவது திறந்து வை. வராந்தாவில் நடக்க விட்டால் நட. ஒரு நாளைக்கு ஒருவரிடமாவது உள்ளே இருப்பதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னது. நான் இதுவரை செய்யாதது அது ஒன்றுதான், இந்தக் கடிதத்தில்தான் செய்கிறேன்.

பிளைட் இல்லை, நீ வர முடியாது, நான் வர முடியாது. உன்னைப் பார்க்காமல் எனக்கு இருக்க முடியவில்லை அருண். அதைச் சொல்லத் தெரியாமல்தான் சோறு தின்று படு என்றேன். அம்மா தினமும் உன் பெயரைச் சொல்லி ஜெபமாலை சொல்கிறாள், பாதியில் அழுதுவிடுகிறாள், மீதியை வெனிலா சொல்லி முடிக்கிறாள். வேளாங்கண்ணி மாதா உன் தலைமாட்டில் இருப்பாள். உனக்கும், எங்கே இருந்தாலும் ஜெகதீசனுக்கும், அப்பா அம்மா ஆசீர்வாதம்.

மறக்காதே, நாளைக் காலையில் குளித்து முடித்ததும் எனக்குப் போன் செய். பேச வராவிட்டால் பேச வேண்டாம், லைனில் இரு, நானும் இருக்கிறேன். அம்மா நம்பருக்கு வேண்டாம், என் நம்பருக்கு. முதல் தடவை எடுக்கவில்லை என்றால் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, கையில் பசை இருக்கும். இன்னொரு தடவை அடி.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. சவுரிராயன்