பாம்புக்கடிப் பாடத்துக்கு ஒரு திருத்தம்

என் பிரியமான புஷ்பம் அக்கா,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உனக்காக அழுதேனா என்று கேட்டால், கொஞ்சம்தான் அழுதேன். மிச்ச நேரமெல்லாம் உனக்காகச் சண்டை போட்டேன். உனக்காக இல்லை, உன்னோடுதான் சண்டை போட்டேன் என்கிறார்கள் நம் ஆட்கள். எது சரி என்று நீயே சொல்.

டெலானிபூர் கூடத்தில் நம் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. ஆள் குறையவில்லை. அதே ஏற்பாடுதான். ரிட்டையர் ஆனவர்கள் கூடி, எங்களுக்குள்ளேயே ஒருவர் மாற்றி ஒருவர் பாடம் எடுக்கிறோம். வெளியிலிருந்து வாத்தியார் கிடையாது. போன மாதம் நம் வங்காளி மண்டல் பாபு தேனீ வளர்ப்பதைப் பற்றிச் சொன்னார். முக்கால்வாசி இந்தி, கால்வாசி கையசைப்பு. எல்லோருக்கும் புரிந்தது.

தபால் ஆபீசில் ஆயுசெல்லாம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்த நீ ஆரம்பித்த வகுப்பு அது. தீவுக் கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டியில் பெருக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னை நீதான் கூட்டி வந்தாய். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. கப்பல் நேரம் எழுதிய பலகையைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினவள். "நான் என்னத்த பாடம் எடுக்க?" என்றதற்கு, "ஏட்டி, இங்க எல்லாரும் தெரிஞ்சிக்கிட்டா வந்துருக்கான்? ஒனக்குப் பேச வாய் இருக்கு, அது போதும்" என்றாய்.

சட்டம் ஒன்றே ஒன்றுதான் போட்டாய். பாடம் எடுத்தவர் அடுத்த சனிக்கிழமை முதலில் எழுந்து, போன வாரம் தான் சொன்னதில் எது தப்பு என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் புதுப் பாடம். ஆபீசராக இருந்தவர்களுக்கு அது கசந்தது. ஒருவர் வகுப்பையே விட்டுவிட்டார். நீ சட்டத்தை விடவில்லை.

உன் கடைசிப் பாடம் பாம்புக்கடி. மண்டல் பாபுவை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் முழங்காலுக்குக் கீழே துண்டால் இறுக்கிக் கட்டினாய். "விஷம் மேல ஏறப்படாது. ரத்தம் நிக்கிற அளவு கட்டணும்" என்றாய். மண்டல் பாபு, "அரே தீதி, பாம்பு கடிக்கலை, நீதான் கொல்றே" என்று கத்தினார். கூடமே சிரித்தது.

நான் எழுந்தேன். "யக்கா, அப்படிக் கட்டப்படாதுன்னு நான் படிச்சிருக்கேன்" என்றேன்.

"எங்க படிச்ச?"

"பேப்பர்ல. பொட்டலம் மடிச்ச பேப்பர்."

மறுபடியும் சிரிப்பு. நீ மட்டும் சிரிக்கவில்லை. "சரிட்டி. கேட்டுட்டு வாரேன். தப்புன்னா வார சனிக்கிழமை நானே சொல்லுதேன்" என்றாய். அந்தச் சனிக்கிழமைக்கு நீ இல்லை. புதன்கிழமை மத்தியானம், சோறு வடிக்கப் போன இடத்தில் உன் இதயம் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரைப் பார்க்க மூன்று நாள் அலைந்தேன். அவர் தெளிவாகச் சொன்னார்: இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த காலை ஆடாமல் வைத்து, உடனே கொண்டுவர வேண்டும். இறுக்கிக் கட்டினால் அந்தக் காலையே இழக்க நேரிடும் என்றார்.

இதற்குள் வகுப்பில் உன் பாடங்களைச் சேர்த்து நினைவுப் புத்தகம் போட முடிவாகியிருந்தது. உன் குறிப்பு நோட்டில் இருந்ததை அப்படியே அச்சுக்கு எடுத்திருந்தார்கள். பாம்புக்கடியும் இருந்தது, இறுக்கிக் கட்டுகிற படத்தோடு. நான் திருத்தச் சொன்னேன்.

நம் தலைவர் செல்வராஜ் சார் கண்ணாடியைக் கழற்றினார். "பேச்சியம்மா, இது அஞ்சலி. இதுல போய் அவங்க தப்பு பண்ணாங்கன்னு போட முடியுமா? நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"தோட்டத்துல பாம்பு கடிச்சா அந்த நாலு பேரும் இதைப் பாத்துதான சார் கட்டுவாங்க?"

"நீங்க டாக்டரா?"

"சோடோ நா, பேச்சி தீதி" என்று மண்டல் பாபு கையைப் பிடித்தார். விட்டுவிட வேண்டுமாம். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் என் கை மட்டும்தான். அடுத்த மாதத்துப் பாடப் பட்டியலில் என் பெயரும் இல்லை. செத்தவள் மேல் எனக்குப் பொறாமையாம். அக்கா, உன் மேல் எனக்குப் பொறாமை உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்கும் ஒருத்தன் காலுக்கும் என்ன சம்பந்தம்?

கடைசியாக உன் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். செபஸ்தியான் அண்ணாச்சி வாசலில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா பேச்சி, அவ இருக்கும்போதுதான் வாரம் தவறாம மல்லுக்கட்டுன. இப்பவுமா?"

"அவளே கேட்டுட்டு வாரேன்னுதான் சொன்னா, அண்ணாச்சி."

"யார்ட்ட கேக்க?"

"ஆஸ்பத்திரியிலதான். வேற எங்க கேப்பா?"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "என்ன சொன்ன? ஆஸ்பத்திரியா?"

பிறகு அவர் சொன்னது இது. அந்தத் திங்கட்கிழமை நீ அவரிடம், "ஆஸ்பத்திரி வரைக்கும் போவணும், கூட வாரீங்களா?" என்று கேட்டிருக்கிறாய். எதற்கு என்று நீ சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எஞ்சின் வேலை இருந்ததால் வியாழக்கிழமை போவோம் என்றிருக்கிறார். புதன்கிழமை நீ போய்விட்டாய். நெஞ்சு வலி என்று வாய் திறந்து சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறாள், நான்தான் தள்ளிப் போட்டுக் கொன்றுவிட்டேன் என்று இந்த நாலு மாதமும் அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

"பாம்புக்கடிக்கா போவணும்னு சொன்னா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். "பாம்புக்கா?" சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தேன். எனக்கும் வேண்டியிருந்தது.

ஆனால் அக்கா, அதற்காக மட்டும்தானா கேட்டாய்? வலியும் இருந்ததா? சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரியாது என்றே அண்ணாச்சியிடமும் சொன்னேன். தேற்றுவதற்காகக்கூட எனக்குத் தெரியாததைச் சொல்ல வரவில்லை. "பாதி எனக்குப் போதும்மா" என்றார் அவர்.

அடுத்த சனிக்கிழமை, வகுப்புக்கே வராத மனிதர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். புத்தகத்தை அன்றைக்குத்தான் அச்சுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். செல்வராஜ் சார் பேச ஆரம்பிக்குமுன் அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"என் வீட்டுக்காரி ஒரு திருத்தம் சொல்லணும். அவளால வர முடியல. நான் சொல்லிட்டுப் போறேன்."

தமிழில் ஒரு தடவை சொன்னார். பிறகு மண்டல் பாபு பக்கம் திரும்பி, கடலில் பழகிய அந்த உடைசல் இந்தியில், "கஸ் கே நஹி பாந்த்னா. பைர் ஹிலானா நஹி. சீதா ஹாஸ்பிடல்" என்றார். இறுக்கிக் கட்டாதே, காலை ஆட்டாதே, நேரே ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். உட்காரக்கூட இல்லை, போய்விட்டார். செல்வராஜ் சார் அச்சுத் தாளை எடுத்து, அந்தப் படத்தின் மேல் தன் கையாலேயே குறுக்கே கோடு போட்டார்.

என் பெயரை இன்னும் பட்டியலில் சேர்க்கவில்லை. நான் போய்க் கேட்கப் போவதுமில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் முதல் வரிசையில் உட்காருவேன். யார் பாடம் எடுத்தாலும், தப்பு என்று பட்டால் எழுந்திருப்பேன். சிரித்தால் சிரிக்கட்டும், நின்றுகொண்டே இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு, அக்கா.

கூடப் பிறக்காமலே உன் தங்கச்சியான
பேச்சியம்மாள்,
பத்துபஸ்தி