வயரில்லாத கீபோர்ட்

ஏப்ரல் 22, 2024 – திங்கள்

லுஹர் தொழுதுவிட்டு இதைக் கம்பியூட்டரில் அடிக்கிறேன். மத்தியானம் ஒரு மணித்தியாலம் என் டைப்பிங் கடைப் பக்கம் யாரும் வருவதில்லை. முல்லைத்தீவே சோற்றுக்குப் போய்விடும். போன கிழமை வான் வண்டியில் கொண்டு வந்து விற்றவனிடம் வயரில்லாத கீபோர்ட்டும் மவுசும் ஒரு சோடி வாங்கினேன். பெயரில்லாத மலிவுச் சாமான். பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருக்கும் சுசிலாவும் வாங்கினாளாம். அவளோடு கதைத்து இரண்டு வருசம்.

தட்டி இல்லாத காலத்தில் இது ஒரே அறை, ஒரே கம்பியூட்டர். ஒருத்தி வாசிப்பாள், மற்றவள் அடிப்பாள். முடிந்ததும் அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் இருவரும் சத்தமாகச் சொல்லிப் பார்ப்போம். நான் நோன்பு பிடிக்கும் மாதத்தில் அவள் எனக்குத் தெரியாமல் பின்பக்கம் போய்த் தண்ணீர் குடிப்பாள். என்ன நல்ல காலம் அது.

ஏப்ரல் 25

மவுசைத் தொடாமலே திரையில் அம்பு ஓடுகிறது. மலிவுச் சாமானின் குணம்.

மே 2

இங்கேயாவது இறக்கி வைக்கிறேன். இரண்டு வருசத்துக்கு முந்தி அந்த அடையாள அட்டை இலக்கத்தைப் பிழையாக அடித்தது நான்தான். ஒரு பெரியவரின் பென்சன் படிவம் திரும்பி வந்தபோது, சுசிலா பிழையாக வாசித்தாள் என்று அவர் முன்னாலேயே சொன்னேன். அடுத்த கிழமை அவள் தச்சனைக் கூப்பிட்டுத் தட்டி அடிப்பித்தாள். அன்றைக்கு அவசரத்தில் நான் இலக்கத்தைச் சொல்லிப் பார்க்கவே இல்லை. இதை ஏன் அவளிடம் சொல்ல முடியவில்லை? வெட்கம்தான், வேறென்ன.

மே 9

ராஜினி ரீச்சர் வாசலிலேயே நின்றா. புருசனின் கொடுமை தாங்காமல் வவுனியாவுக்கு இடமாற்றம் கேட்டு, திங்கட்கிழமை என்னிடம் கடிதம் அடித்தவ. அது ஊருக்கே தெரிந்துவிட்டது. புருசன் வீட்டார் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

“அக்கா, உங்களை நம்பித்தானே சொன்னனான்.”

யா அல்லாஹ், நான் வாய் திறக்கேல்லையே. பதினாலு வருசமா எத்தினை பேரின்ர கதை இந்த விரலுக்குள்ளால போயிருக்கு. ஒண்டாவது வெளிய போனதா? இனி ஆர் என்னை நம்பி வருவினம்?

மே 10

இதைப் பேனையால் எழுதுகிறேன்.

வைரஸ் என்று நினைத்து, கம்பியூட்டர் திருத்தும் டினோஜனைக் கூப்பிட்டேன். இரண்டு கடையையும் பார்த்துவிட்டுச் சொன்னான். இந்தக் கீபோர்ட் நான் அடிப்பதை மறைக்காமல் அப்படியே காற்றில் அனுப்புகிறதாம். சுசிலா அந்தச் சோடியில் மவுசை மட்டும்தான் பாவிக்கிறாள். மவுசுக்காக அவள் கம்பியூட்டரில் செருகிய சின்னத் துண்டு என் எழுத்தையும் பிடித்து அவள் திரையில் போட்டிருக்கிறது. இரண்டு சாமான் இப்படி ஒத்துப்போவது அபூர்வமாம். நல்ல கீபோர்ட்டுகள் மறைத்துத்தான் அனுப்புமாம்.

“வீட்டில படம் பாக்கிற ஆக்களுக்கு இது பெரிய விசயமில்லை. நீங்கள் அடிக்கிறது மற்றவையின்ர இரகசியம், அக்கா. வயரில அடியுங்கோ.”

அப்ப ராஜினியின் கடிதம் அங்கே விழுந்திருக்கிறது. மத்தியானத்தில் நான் அடித்த இதுவும்? மே இரண்டாம் தேதியும்?

மே 13

சுசிலா தானாக வந்து கூப்பிட்டாள். இருவருமாக ராஜினி வீட்டுக்குப் போனோம். சுசிலா கடையில் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டிருந்தபோது, காத்திருந்த ஒருத்தி திரையை வாசித்துவிட்டாளாம். பிழை தன்னுடைய கடையில்தான் என்று சுசிலா சொல்லத் தொடங்கினாள். நான் விடவில்லை. கீபோர்ட் என்னுடையது, பிழையும் என்னுடையது என்று ராஜினி முன்னாலேயே சொன்னேன். ராஜினி எங்களை மன்னித்ததாகத் தெரியவில்லை. ஆனால் கடிதத்தை எப்படியும் அனுப்பத்தான் போகிறாவாம், இன்னொரு பிரதி கேட்டா.

திரும்பி வரும்போது சுசிலா சொன்னாள். பகலில் இடையிடையே திரையில் வந்து விழுந்த எழுத்தை வைரஸ் என்று அழித்தாளாம். ஒரு மத்தியானம் தன் பெயரைக் கண்டாளாம்.

“நீ எனக்கெண்டுதான் எழுதுறாய் எண்டு நினைச்சன், றம்ஸி. பிறகு நான் சாப்பிடவும் வீட்ட போறேல்லை.”

மே 15

கடை வேலைக்கு வயர் கீபோர்ட் வாங்கியாயிற்று. மற்றதை எறியச் சொன்னான் டினோஜன். எறியவில்லை.

மணி ஒன்று பத்து. இதை அதில்தான் அடிக்கிறேன். தட்டிக்கு அந்தப் பக்கம் கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது.