வலது ஓரத்தில் நின்றவர்

மதிப்பிற்குரிய வில்ஃப்ரெட்,

நீங்கள் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுக்கு நான் பதில் போட்டதேயில்லை. கிளைவ் ஞாயிறன்று காலமானார்.

அறுபத்து நாலில் கால்பந்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க விதியில்லை. அரையிறுதியில் முழங்கால் முறிந்த கிளைவிடம், “வலது ஓரமா சும்மா நில்லுடா, ஆள் குறையக் கூடாது” என்றீர்கள். கேப்டன் சொல் என்று நின்றார். அதுவே அவருடைய கடைசி ஆட்டம். அதற்காக அவர் உங்களை ஒருநாளும் நொந்ததில்லை.

ஆனால், இரக்கப்பட்டு ஒருமுறைகூட அவரிடம் பந்தைத் தள்ளவில்லையே நீங்கள்! ஆஸ்பத்திரிப் படுக்கையிலும், “இங்கதானே நிக்கிறேன், தள்ளேன்டா வில்ஃப்” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். சவப்பெட்டியைச் சுமக்க வலப்பக்கம் ஒரு தோள் குறைகிறது. வாருங்கள். காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
அன்று ஆட்டக்காரர்களின் மனைவியர் வரிசையிலிருந்து பார்த்தவள்