கடவுளைக் கூப்பிடாத கூட்டத்தில் அப்பாவின் பெயர்

பாடன்,
9.10.1987

அன்புள்ள மகன் பத்மநாதனுக்கு,

நானும் தங்கச்சி சந்திரமதியும் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தானே அறியலாம், எட்டு மாதமாகத் தபால்காரனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் முதலாம் துவசத்துக்கு ஐயரைப் பிடிக்கச் சொன்னேன், நம்பாததைச் செய்து நடிக்கமாட்டேன் என்றாய், அப்படியென்றால் நீ எங்கள் ஆளில்லை என்று ரெலிபோனை வைத்தேன். அந்தச் சொல் இன்னும் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

மேல்மாடியில் றூத் என்று ஒரு யூத மனிசி இருக்கிறா, என் வயதுதான். போன சனிக்கிழமை அவர்களுடைய பெரிய நோன்பு நாள், செத்தவர்களை நினைக்கிற கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனா. நான் முழுகித் திருநீறு பூசி, தண்ணீரும் குடிக்காமல் போனால், அங்கே பதினைந்து பேர், மெழுகுதிரி, பழைய பாட்டு எல்லாம் இருக்கிறது, கடவுளை மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. கேட்டால், அவர்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையாம், ஆனாலும் யூதர்தானாம், பண்டிகை, பாட்டு, சாப்பாடு ஒன்றையும் விடவில்லையாம், மனிசருக்கு மனிசர்தான் துணையாம். எங்கள் அகதி மனுவுக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதித் தந்ததும் இவர்கள்தான். ஒவ்வொருவராக எழும்பி, செத்தவரின் பெயரையும் அவர் செய்த ஒரு காரியத்தையும் சொன்னார்கள். நானும் எழும்பி, சச்சிதானந்தன், ஊரடங்குக்குள்ளும் பிள்ளைப்பேற்றுக்காரியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன கார்க்காரன் என்றேன். துவசத்தில் அவரைப் பற்றி ஒரு சொல் நான் சொன்னதுண்டா, ஐயர் சொல்லுவார், நான் சமைப்பேன். அழுதுவிட்டேன் மகன்.

பிறகு செத்தவீட்டு வழக்கத்தில், ஒருவருக்கும் போட்டுவாறன் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். அடுத்த நாள் றூத் கேக்கோடு வாசலில் நிற்கிறா, தாங்கள் என்ன பிழை விட்டோம் என்று முகம் வாடிப்போய். நான் வழக்கத்தைச் சொல்லி, சாமி இல்லை என்கிற என் மகன்கூட அப்பாவின் செத்தவீட்டிலிருந்து பிளேன் ஏறப் போனபோது சொல்லாமல்தான் படியிறங்கினான் என்றேன். “அப்ப அவன் உங்கட ஆள்தானே” என்றா.

எங்கள் ஆளில்லை என்ற அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கிறேன். நீ என்றைக்கும் எங்கள் பிள்ளை. உனக்காக முருகனிடம் கேட்பேன், அது என் பாடு, நீ கோபிக்காதே. சுகமாய், குறையில்லாமல் இரு. மொன்றியல் குளிருக்குக் காதை மூடு. மாசியில் துவசம் வருகிறது, மறக்காதே. ஐயர் இல்லை. நீ வா. நான் சமைக்கிறேன், நீ அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லு.

உன்னைத் திட்டிய அம்மா,
தில்லைநாயகி