ஏழாவது சனிக்கிழமை

கொட்டாஞ்சேனை,
10.03.1997

அன்புள்ள யோசெப்பின் அக்காவுக்கு,

நானும் றோஸியும் நல்ல சுகம். கல்யாணத்துக்கு நீங்கள் அனுப்பிய சேலையை அவள் ஒவ்வொரு ஞாயிறு பூசைக்கும் உடுத்துகிறாள்.

ஒரு புதினம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற உங்கள் தம்பி இப்போது டீவியில் வருகிறான்! சனிக்கிழமைப் பின்னேரங்களில் மல்யுத்தம், நேரடி ஒளிபரப்பு. ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் பைலாப் பாட்டுக் கோஷ்டி. எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த சண்டைதான். தோற்பது என் வேலை. "மல்லி, உன்னைப்போல விழ ஒருத்தனும் இல்லை" என்று தயாரிப்பாளர் சிங்களத்தில் தம்பி முறை சொல்லி முதுகில் தட்டினார். தெருவில் பிள்ளைகள் என் பின்னால் ஓடி வருகிறார்கள், அக்கா.

அன்புத் தம்பி,
வலன்ரைன்


ரொறன்ரோ,
02.04.1997

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை வேலையிடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பிறகு யோசித்தால் மனம் ஒப்பவில்லை. குண்டு வெடிக்கிற ஊரில் நீ சும்மா இருந்தாலே எனக்கு நித்திரை இல்லை. நீயோ உன்னைத் தூக்கி எறிய ஆள் தேடிப் போயிருக்கிறாய். சரி, யாராவது இங்கே வந்தால் ஒரு கசெற் கொடுத்துவிடு. என் தம்பி விழுகிற அழகை நானும் பார்க்கவேண்டும்.

அக்கா


கொட்டாஞ்சேனை,
25.05.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நிகழ்ச்சி ஏழு கிழமையோடு நின்றுவிட்டது. விளம்பரம் கிடைக்கவில்லையாம். எனக்குக் கையில் சின்ன நோவு. நான் சொல்லச் சொல்ல றோஸிதான் எழுதுகிறாள். கசெற் ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்கள் அதைத் தேடி அலையாதீர்கள்.

வலன்ரைன்


ரொறன்ரோ,
17.08.1997

தம்பி,

வெள்ளவத்தையிலிருந்து வந்த சண்முகலிங்கம் கசெற் கொண்டுவந்தார். கடைசிச் சனிக்கிழமை நிகழ்ச்சி, வீட்டில் தானே பதிந்தாராம்.

எதிராளி உன்னைத் தலைக்கு மேலே தூக்கினான். நீ தலைகீழாய் விழுந்தாய். சனம் சிரித்தது. நீ எழும்பவில்லை. உடனே கமெரா பாட்டுக்காரர் பக்கம் திரும்பிவிட்டது. அவர்கள் ஒரு பாட்டு முடித்து இன்னொன்றும் தொடங்கினார்கள். பாடகனின் தோளுக்குப் பின்னால், நாலு பேர் உன்னைப் பலகையில் வைத்துத் தூக்கிப்போவது ஒரு மூலையில் தெரிந்தது.

"பாட்டை நிப்பாட்டுங்கோடா!" என்று இங்கே நின்று கத்தினேன். நடந்து நாலு மாதம், தம்பி. 'விழுகிற அழகு' என்று நான் எழுதிய பகிடியை ஆஸ்பத்திரியில் உனக்கு யார் வாசித்துக் காட்டினார்கள்?

உண்மையை எழுது. நான் வரட்டுமா?

அக்கா


கொட்டாஞ்சேனை,
05.09.1997

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை மன்னியுங்கள். கழுத்தில் அடி. கையும் காலும் இன்னும் சொல்வழி கேட்கவில்லை. நாள் எடுக்கும், ஆனால் வரும் என்று டொக்டர் றோஸியிடம் சொன்னாராம். பாடின பொடியனில் கோபப்படாதீர்கள். நிறுத்தக்கூடாது என்று அவனுக்குக் கட்டளை. ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டிலடியில் நின்று அழுதான்.

போன கிழமை ஆமி வீடுவீடாகச் சோதனைக்கு வந்தது. என்னையும் எழும்பச் சொன்னார்கள். ஒருவன் என் முகத்தை அடையாளம் கண்டு, "டீவியில் விழுகிறவன்! இங்கேயும் நடிக்கிறான்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். றோஸி போர்வையை விலக்கிக் காட்டினாள். அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவனே போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனான்.

வரவேண்டாம் அக்கா. டிசம்பரில் நத்தாருக்கு நானே கைப்பட எழுதுவேன்.

வலன்ரைன்

மச்சாள், இது நான் எழுதுவது, இவருக்குத் தெரியாது. டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. கையும் காலும் இனி வராது என்றுதான் சொன்னார். இவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன். உங்கள் பதிலையும் நான்தான் வாசித்துக் காட்டவேண்டும். வரும் என்றே எழுதுங்கோ.

றோஸி