அந்துவானின் கீழ்த் தந்தி

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. நண்பன் அந்துவானின் ஆல்பம் மெயிலில் வந்தது. ஏழு பாட்டு. பியானோ, டிரம்ஸ், நடுவே அவனுடைய டபுள் பேஸ், அவனைவிட உயரமான தந்தி வாத்தியம். வெள்ளிக்கிழமை அவன் ஸ்டுடியோவுக்குச் சரி சொன்னால் வெளியீடு.

ஹெட்போனில் இரண்டு முறை. நான்காவதுதான் ஆல்பமே. பியானோ வளவளவென்று போகிறது. இவன் கீழ்த் தந்தியில் ஒரு சுரத்தை மீட்டி, அது தானாக அடங்கும்வரை அடுத்ததைத் தொடுவதில்லை. ஓரிடத்தில் பியானோவும் வாயை மூடிக்கொள்கிறது. சுத்த மௌனம். பிறகு இவன். அவசரமே தெரியாத கை. இந்த வருடம் கேட்டதில் இதற்கு மேல் ஒன்றுமில்லை. யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

வாங்க: கொசுவத்தி, முட்டை, குடைக்குக் கம்பி.

நவம்பர் 5, புதன்

வெயில். முத்தியால்பேட்டை, அந்துவான் வீடு. அவன் அம்மா போனில் ஆல்பத்தைப் போட்டு, சத்தம் கூடுமென்று எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தியிருந்தார்.

"நல்லாதான் இருக்குது. நீ எப்படா வாசிப்ப?"

"வாசிச்சிக்கினுதான்மா இருக்கேன்."

"எங்க?"

போன் ஸ்பீக்கருக்குக் கீழ்ச்சுரம் எட்டாது. டம்ளரில் பியானோ மட்டும் கணகண. அவன் சித்தப்பாவும் வாட்ஸப்பில் எழுதியிருக்கிறார்: பியானோ பிரமாதம்.

வாசலில் அந்துவான், செருப்பைத் தேய்த்துக்கொண்டு: "ஊரே போன்லதான் கேக்கும். நாலாவத மேல் தந்தியில திரும்ப வாசிக்கப் போறேன். சும்மா நிக்கிற எடத்தையும் ரொப்பிடுறேன்."

"ரொப்பினா செத்துது."

"உங்கிட்ட ஹெட்போன் இருக்குது. எங்கம்மா காதுல அதையெல்லாம் மாட்டுமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆனாலும் நான் சொன்னதுதான் சரி.

நவம்பர் 6, வியாழன்

மழை. வேலைக்குத் தவளக்குப்பம், வழக்கமான தனியார் பஸ். பின்சக்கரத்துக்கு மேல் சீட். அடியில் பெரிய ஸ்பீக்கர், குத்துப்பாட்டு, முதுகெலும்பு வரை அதிர்வு. தினமும் திட்டிக்கொண்டே உட்காரும் இடம். இன்று திட்டவில்லை. புரிந்தது: கீழ்ச்சுரம் இங்கே எட்டும்.

கண்டக்டரிடம் கேட்டேன்: "அண்ணே, நாளைக்கு ஒரு பாட்டு போடுவீங்களா?"

"என்னா படம்?"

"படம் இல்ல. முத்தியால்பேட்டை ஆளு வாசிச்சது."

"லவ்வா, குத்தா?"

"ரெண்டும் இல்ல."

"அப்ப சோகம். போர் அடிச்சா நிறுத்திடுவேன், சொல்லிட்டேன்."

அந்துவானுக்கு மெசேஜ்: காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வா. அம்மாவோடு.

நவம்பர் 7, வெள்ளி

மூட்டம். மழை இல்லை. அந்துவானின் அம்மாவைச் சக்கரத்து சீட்டில் உட்காரவைத்தேன். அந்துவான் படிக்கட்டோரம், குதித்து ஓடத் தயாராக. கண்டக்டர் பென் டிரைவைச் செருகினார். நான்காவது.

பின்னாலிருந்து ஒருவர்: "யோவ், பாட்டு எப்பய்யா ஆரம்பிக்கும்?"

சிரிப்பு. கண்டக்டர்: "நீ மொதல்ல டிக்கெட்ட எடு."

கீழ்த் தந்தி வந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. யாருடைய டிபன் கேரியரோ கிணுகிணுத்தது. அம்மா சீட்டில் உள்ளங்கையை ஊன்றினார்.

"இன்னாடா இது? நீ ரூம்ல கதவ சாத்திக்கினா நம்ம செவுரு அதிருமே, அதுமாதிரி."

"அதேதாம்மா."

அரியாங்குப்பம் பாலத்தில் அந்த இடம். பியானோ நின்றது, பேஸும் நின்றது. எஞ்சின் சத்தம் மட்டும். கண்டக்டர் எட்டிப் பட்டனில் விரல் வைத்தார். "முடிஞ்சிதுப்பா. குத்து போடலாம்."

"கைய எடுய்யா!" அந்துவானின் அம்மா, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்க. "எம்புள்ள இன்னும் வாசிக்கல."

கை எடுக்கப்பட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள், டிக்கெட் எடுக்காதவர் உட்பட. சுரம் இறங்கியது.

தவளக்குப்பம் வருவதற்குள் அந்துவான் ஸ்டுடியோவுக்கு மெயில் அனுப்பிவிட்டான். என்னிடம் காட்டினான். ஒரே வரி: நாலாவதுல கை வைக்காதீங்க.