அறுபத்தொன்றாவது ஆள்

பேக்கிங் லைன் நாகம்மாவின் வேலையைப் பறித்தது நம் கம்பெனி மேலாளர். பழியைச் செத்துப்போன உன் தலையில் போட்டுவிட்டார்.

இன்று காலை பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றினேன். மை விரலெல்லாம் ஒட்டி, உன் கையில் எப்போதும் இருந்த அந்த எண்ணெய் வாசனை கிளம்பியதும் உன்மேல்தான் எரிச்சல் வந்தது. மஞ்சள்காமாலைக்கு நாட்டு மருந்தே போதும் என்று அத்தனை நாள் படுத்துக் கிடந்தாயே, அந்த எரிச்சல்.

நீ எழுதிய வருகைப் பதிவு புரோகிராமில் பேக்கிங் லைனுக்கு அறுபது அறைகள் கொண்ட ஓர் அட்டவணை. ஆளுக்கு ஓர் அறை. எழுதுவதற்கு முன், எண் அறுபதைத் தாண்டுகிறதா என்று சோதிக்க நீ ஒரு வரி சேர்த்தாய். தாண்டினால் எழுதாமல் நின்று, என்ன செய்வது என்று கேட்கும். அந்த வரி இல்லையென்றால் இயந்திரம் தயங்காது. அறுபத்தொன்றை எழுதச் சொன்னால், அடுத்து எது இருக்கிறதோ அதன்மேல் எழுதிவிடும். அடுத்து இருந்தது விடுப்பு அட்டவணை.

மேலாளருக்குப் பிடிக்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டுகினு இருந்தா ரிப்போர்ட் எப்பப்பா வரும்? அத எடுத்துடு."

"கேட்டுல லேபரோட டிபன் பாக்ஸத் தொறந்து பாக்குறீங்களே சார், அதுக்கு மட்டும் டைம் இருக்கா?" என்றாய். எடுக்கவும் மறுத்தாய்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மெட்ராஸிலிருந்து ஓர் ஆளை வரவழைத்து அந்த வரியை எடுக்க வைத்தார்.

நீ போன பிறகு ஆடிக் கிருத்திகை வந்தது. பாதி லைன் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் காவடியோடு நின்றது. வழக்கம்போல் பதிலி ஆட்களை உள்ளே விட்டு, அறுபதுக்கு மேல் எண் கொடுத்தார்கள். முதல் பதிலியின் வருகை, விடுப்பு அட்டவணையின் முதல் அறையில் போய் விழுந்தது. அது சேரப்பணஞ்சேரி நாகம்மாவின் அறை. பால்குடம் எடுக்க அவள் முறையாக வாங்கிய லீவு அழிந்துபோனது. திருவிழாவுக்குச் சொல்லாமல் நின்றால் வேலை கிடையாது என்பது இங்கே விதி.

திரும்பி வந்தவளைக் கேட்டில் நிறுத்தினார்கள். "சூப்பர்வைசர் கைல சொல்லிட்டுத்தானேய்யா போனேன்," என்றாள்.

"கம்ப்யூட்டர் லீவு இல்லன்னு சொல்லுதும்மா," என்றார் வாட்ச்மேன்.

"அப்ப அதுகிட்டயே பேசிக்கிறேன். வுடு உள்ள."

சூப்பர்வைசர் பக்கத்தில்தான் நின்றார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார்.

புரோகிராமை வரிவரியாகப் பார்த்துவிட்டு மேலாளரிடம் போனேன். "அவன் எழுதினது, அவன் தப்பு. போய்ட்டவனப் பத்தி இப்ப இன்னாத்துக்கு?" என்றார்.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது, சொன்னதைச் சொன்னபடி நம்பாத இந்தக் குணம்தான். நகராமல் நின்றேன்.

"அவன் காவலுக்குப் போட்ட வரிய நீங்க எடுத்தீங்க சார். நாகம்மாவ நாளைக்குக் காலை ஷிப்டுக்கு உள்ள விடுங்க."

அவர் மணியடித்து, தனக்கு மட்டும் ஒரு டீ கொண்டுவரச் சொன்னார்.